லாரி மேல் விழும் பழி

டெல்லியின் துவாரகாவில் ஒரு புது ஆசாரம் பரவிவருகிறது. மடி பார்த்த காலத்தில் சமைத்தது யார், தொட்டது யார் என்று கேட்டார்கள். இப்போது, எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். செக்டர் செக்டராக எழும்பி நிற்கும் குடியிருப்புகளின் வாட்ஸாப் குழுக்களில், நூறு கிலோமீட்டருக்குள் விளைந்ததையே உண்போம் என்ற உறுதிமொழி சுற்றுகிறது. நஜஃப்கட் பக்கத்துப் பண்ணைக் கீரைக்கு ஏக மரியாதை. தஞ்சாவூர்ப் பொன்னிக்கும் தெற்கிலிருந்து வரும் முருங்கைக்காய், சின்ன வெங்காயத்துக்கும் ஒரு மாதிரிப் பார்வை. இங்கே கோதுமை கொட்டிக் கிடக்கும்போது அரிசிக்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் டீசலை எரிக்கலாமா என்று இங்குள்ள தமிழர்களே தமிழர்களிடம் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவரும் குற்றவாளிபோல் தலைகுனிகிறார்.

வாதம் கேட்க நியாயமாகவே இருக்கிறது. நம் சாப்பாட்டில் பெட்ரோலியம் கலந்திருக்கிறது. அது லாரியில் எரிகிறது. தூரத்தைக் குறைத்தால் எரிவதும் குறையும். டீசல் விலை ஏறினால் மறுவாரமே காய்கறி விலை ஏறுவதை எல்லோரும் பார்க்கிறோம், இதற்குமேல் சாட்சி எதற்கு என்கிறார்கள். சாப்பாட்டில் பெட்ரோலியம் இருப்பது உண்மை. அது லாரியில் எரிகிறது என்பதில்தான் கோளாறு. உணவுக்குள் போகும் எரிபொருளில் லாரியின் பங்கு சிறியது. பெரும் பங்கு வயலில், பம்ப் செட்டில், நம் வீட்டு அடுப்பில் போகிறது. தூரத்தை எண்ணும் பழக்கம் இந்த மூன்றையும் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதே என் புகார்.

கணக்குப் போட்டுவிடலாம். ஒப்பிடச் சுலபமாக இருக்கும் என்பதால் வாயு, நிலக்கரி எல்லாவற்றையும் அதே வெப்பம் தரும் டீசல் அளவாக மாற்றிச் சொல்கிறேன். இவை தோராயமான எண்கள். பத்து இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம். முடிவு அதனால் மாறாது.

தஞ்சாவூரிலிருந்து டெல்லி சாலைவழி ஏறத்தாழ 2,500 கி.மீ. இருபது டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 625 லிட்டர் டீசல். ஒரு கிலோ அரிசியின் பங்கு சுமார் 30 மி.லி. சரக்கு ரயிலில் வந்தால் இதில் ஒரு சிறு பகுதிதான். இனி அந்த அரிசி விளைந்த வயலுக்குப் போவோம். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இடுவது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. யூரியாவாகப் பார்த்தால் 130 கிலோ. ஒரு டன் யூரியா செய்ய நம் ஆலைகளில் ஏறத்தாழ 58 லட்சம் கிலோ கலோரி செலவாகிறது. ஏக்கருக்கு ஒன்றரை டன் அரிசி தேறினால், கிலோவுக்கு யூரியாவின் பங்கு மட்டும் 55 மி.லி.க்கு மேல் வரும். நாட்டின் தெற்கு மூலையிலிருந்து தலைநகர்வரை வந்த லாரியின் பங்கைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

கதை அங்கே முடியவில்லை. அதே ஒரு கிலோவை நாலு நாளாகப் பிரித்து, வேளைக்குக் கால் கிலோவாகக் குக்கரில் வைத்தால், நம் அடுப்பு எரிப்பது 80 மி.லி. டீசலுக்கு ஈடான வாயு. குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் வடித்தால் இன்னும் மேலே போகும். இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டரைவிட அடுக்களையின் கடைசி இரண்டடி அதிகம் தின்கிறது.

சரி, பொன்னியை விட்டுவிட்டுப் பக்கத்து அரிசி வாங்கலாமே என்பார்கள். பக்கத்து அரிசி என்றால் ஹரியானாவின் கர்னால், கைத்தல், குருக்ஷேத்திரப் பக்கத்துப் பாசுமதி. துவாரகாவிலிருந்து நூற்றைம்பது இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தூரக்கணக்கில் நல்ல மதிப்பெண். ஆனால் அங்கே நெல் நிற்பது ட்யூப்வெல் தண்ணீரில். ஒரு கிலோ அரிசிக்கு 2,400 லிட்டர் நிலத்தடி நீர் என்றும், முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து இறைப்பது என்றும், பம்ப் செட்டின் திறன் நாற்பது சதவீதம் என்றும் வைத்தால் அரை யூனிட் மின்சாரம் ஆகும். அனல் மின்நிலையத்தில் அரை யூனிட்டுக்குச் சுமார் 350 கிராம் நிலக்கரி. டீசலில் சொன்னால் 150 மி.லி. தஞ்சாவூர் லாரியைப்போல் ஐந்து மடங்கு, தண்ணீருக்கு மட்டும். காவிரிப் படுகையிலும் ஆழ்குழாய்கள் பெருகிவிட்டன என்பது தெரியும். ஆனாலும் மேட்டூரிலிருந்து வாய்க்கால் வழியே தானாகப் பாய்கிற தண்ணீருக்கு மின்கட்டணமும் இல்லை, நிலக்கரியும் இல்லை. பக்கத்து அரிசியைவிடத் தூரத்து அரிசி குறைவாக எரிபொருள் தின்றிருக்கலாம் என்பதை கிலோமீட்டர் அளவுகோல் ஒருநாளும் காட்டாது.

அந்த ட்யூப்வெல்களுக்கு வேறொரு பக்கமும் உண்டு. நிலத்தடி நீர் வற்றுகிறதே என்று பஞ்சாபும் ஹரியானாவும் 2009இல் சட்டம் போட்டு நடவை ஜூன் பாதிக்குத் தள்ளின. நடவு தள்ளியது, அறுவடையும் தள்ளியது. கோதுமை விதைக்க இடைவெளி சுருங்கியது. தாளுக்குத் தீ வைப்பது நவம்பருக்கு நகர்ந்தது. காற்று அசையாத அந்த மாதத்தில் துவாரகா பால்கனிகளில் வந்து நிற்கும் புகையில் நாம் தின்ற சோற்றின் பங்கும் இருக்கிறது.

காய்கறிக்கு வருவோம். கோலாரிலிருந்து டெல்லிவரும் தக்காளி, கிலோவுக்குச் சுமார் 35 மி.லி. டீசலைச் செலவழித்து ஆசாத்பூர் மண்டியில் இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு, நஜஃப்கட் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் போய், பண்ணையில் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு, எட்டுக் கிலோ காய் வாங்கித் திரும்பும் குடும்பம் இரண்டு லிட்டர் பெட்ரோல் எரிக்கிறது. கிலோவுக்கு 250 மி.லி. போய்வருவதில் தப்பே இல்லை. காற்றாட ஒரு காலைப்பொழுது, வாடாத கீரை, செடியில் காய் தொங்குவதைப் பிள்ளைகள் பார்ப்பது எல்லாம் நல்லவையே. பூமியைக் காப்பாற்றிவிட்டு வந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் குளிரூட்டிய கூடாரத்துக்குள் மின்விசிறியும் நீர்ப்பம்பும் ஓட வளர்க்கும் ‘உள்ளூர்’ லெட்டூஸ் பற்றி நான் பேசவே தொடங்கவில்லை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை 2008இலேயே போட்டுவிட்டார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் வெபரும் மேத்யூஸும் அந்நாட்டுக் குடும்பங்களின் உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களை ஆராய்ந்தார்கள். 83 சதவீதம் உற்பத்திக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. எல்லாப் போக்குவரத்தும் சேர்ந்து 11 சதவீதம். விளைந்த இடத்திலிருந்து கடைக்கு வரும் பயணம் 4 சதவீதம். அத்தனை பெரிய நாட்டில், அத்தனை தூரம் ஓடும் லாரிகளோடு, கிடைத்த எண் இது. விமானத்தில் வருவது மட்டும் விதிவிலக்கு. அங்கே கிலோவுக்குப் பல நூறு மில்லிலிட்டர் எரியும். வெளிநாட்டுப் பழத்தை விமானத்தில் வரவழைத்துத் தின்பவர்களைக் கேள்வி கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

வயலில் இருக்கும் எண்ணெயை நாம் ஏன் பார்ப்பதில்லை? அது வெள்ளைக் குருணையாக, மணமில்லாமல், மூட்டைக்குள் இருக்கிறது. யூரியா செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனோடு அதைக் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இணைத்தால் அம்மோனியா. வாயுவிலிருந்து ஹைட்ரஜன் போக மிஞ்சிய கரியமில வாயுவை அதோடு சேர்த்தால் யூரியா. வேதியியலாளர் ஹேபர் 1909இல் ஆய்வகத்தில் காட்டியதை 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலையாக்கினார்கள். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்று சாப்பிடுவது இந்த வழியின் புண்ணியத்தில். 45 கிலோ மூட்டை ஒன்றுக்குள் முப்பது லிட்டர் டீசலின் வெப்பம் அடைபட்டிருக்கிறது. வீட்டு எரிவாயு சிலிண்டர் என்றால் ஒன்றரைக்கு மேல். லாரி புகை விடுகிறது, அதனால் திட்டு வாங்குகிறது. மூட்டை சத்தமில்லாமல் கிடங்கில் இருக்கிறது.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பது துவாரகாக்காரர்களுக்கு அவசியம் தெரியவேண்டியது. நம் உர ஆலைகள் எரிப்பதில் பெரும்பகுதி இறக்குமதி செய்த திரவ வாயு. அதை அதிகம் தருவது கத்தார். ஹோர்முஸ் நீரிணை தாண்டி, குஜராத்தின் தஹேஜ் முனையத்தில் இறங்கி, குழாய்வழி வடக்கே வருகிறது. ஹசீரா–விஜய்பூர்–ஜக்தீஷ்பூர் குழாயை எண்பதுகளில் போட்டதே உர ஆலைகளுக்காகத்தான். அந்த வலைப்பின்னலின் ஒரு கிளை நம் ஆட்டோக்களின் சிஎன்ஜியாகவும் நம் அடுப்பின் குழாய் வாயுவாகவும் டெல்லிக்குள் நுழைகிறது. வேறு கிளைகள் பானிப்பட், பட்டிண்டா, நங்கல் போய் நேஷனல் ஃபெர்டிலைசர்ஸ் ஆலைகளில் யூரியாவாகின்றன. சப்பாத்தியைச் சுடும் நெருப்பும் அதன் மாவுக்குள் இருக்கும் தழைச்சத்தும் ஒரே குழாயில் வந்த சரக்கு. நூறு கிலோமீட்டர் உறுதிமொழி எடுத்தவரின் ‘உள்ளூர்’ கோதுமை அரபிக்கடலைத் தாண்டி வந்த வாயுவில் விளைந்தது. பத்துக் கிலோ ஆட்டா மூட்டையில் யூரியாவின் பங்கு 370 மி.லி.; லாரி பஞ்சாபிலிருந்தே வந்து வெறுமையாகத் திரும்பினாலும் அதன் பங்கு 65 மி.லி.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் தப்பித்துக்கொள்ள முடியாது. நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா எடுத்தோம். மணலியிலும் தூத்துக்குடியிலும் பல்லாண்டு நாப்தாவை எரித்துவிட்டு அண்மையில்தான் வாயுவுக்கு மாறியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் இன்னொரு மிகைப்படுத்தலும் ஓடுகிறது. ஒரு கலோரி உணவுக்குப் பத்துக் கலோரி பெட்ரோலியம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பொட்டலமும் உறைபெட்டியும் பதப்படுத்தலுமாக அமெரிக்க உணவைப் பற்றி எழுந்த பேச்சு அது. நம் கோதுமைக்குப் பொருந்தாது. ஒரு கிலோ கோதுமையில் 3,400 கிலோ கலோரி இருக்கிறது; அதில் இறங்கிய யூரியாவின் கணக்கு 320. உழவு, அறுவடை, தண்ணீர், அரவை எல்லாம் சேர்த்தாலும் வயல் நமக்குக் கொடுப்பது அதிகம். பயமுறுத்தி ஒன்றும் சாதிக்க வேண்டியதில்லை. எங்கே வீணாகிறது என்று பார்த்தால் போதும்.

அப்படியானால் யூரியாவே வேண்டாம், இயற்கை விவசாயம்தான் விடை என்று ஒரு சாரார் உடனே எழுந்துகொள்வார்கள். கோத்தபய ராஜபக்ச அப்படித்தான் நினைத்தார். 2021 மே மாதம் இலங்கையில் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை. நவம்பருக்குள் பின்வாங்கினார்கள். அதற்குள் நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, அரிசியில் தன்னிறைவு பேசிய நாடு அரிசி இறக்குமதிக்குப் போனது. சிக்கிமைக் காட்டுவார்கள். 2016இல் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவிக்கப்பட்ட சிக்கிம், முன்பும் அதிகம் உரம் போட்டதில்லை. அதன் தட்டில் விழும் அரிசி சிலிகுரி வழியாக, யூரியா போட்ட சமவெளியிலிருந்து ஏறிப்போகிறது. தொழுவுரத்தையும் பசுந்தாளையும் பழிக்கவில்லை. இருக்கிற மாட்டுச் சாணம் இருக்கிற ஏக்கருக்கெல்லாம் போதாது என்ற எளிய கணக்கைச் சொல்கிறேன்.

அறிவியல் பெயரில் வரும் குறுக்குவழிகளும் உண்டு. 2021இல் நானோ யூரியா வந்தது. அரை லிட்டர் புட்டி ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். புட்டியில் அன்றிருந்த நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வயல் சோதனையில் விளைச்சல் குறைந்ததில் வியப்பென்ன இருக்கிறது?

மாற்றுவழி கிடையவே கிடையாதா என்றால், உண்டு. இந்த நாடு அதை ஒருமுறை செய்தும் காட்டியது. 1961இல் நங்கலில் உர ஆலை தொடங்கியபோது அங்கே எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை. பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து அம்மோனியா செய்து, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டாக விற்றார்கள். கூடவே கனநீரும் கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் விரிவாக்கம் என்ற பெயரில் எரி எண்ணெய்க்கு மாறி, இப்போது வாயுவுக்கு வந்து நிற்கிறது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் என்று மத்திய அரசு அறிவித்ததைப் புதுமை என்று கொண்டாடியவர்கள் நங்கலை நினைக்கவே இல்லை.

ஆனால் புது ஆலைகளுக்குக் காத்திராமல் இன்றே நிறுத்தக்கூடிய வீண் ஒன்று இருக்கிறது. நம் வயல்களில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு, சற்றே கூடலாம். மிச்சம் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது, காற்றில் நைட்ரஸ் ஆக்சைடாக ஏறுகிறது. அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றுவது. கத்தாரிலிருந்து காசு கொடுத்து வாங்கிய வாயுவில் பெரும்பகுதி பயிரைத் தொடாமலே போகிறது. ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா போடும் நாட்டில், இந்த வீணில் கால்பங்கைக் குறைத்தால்கூட டெல்லிக்கு வரும் காய்கறி லாரிகளையெல்லாம் நிறுத்தினாலும் கிடைக்காத மிச்சம் கிடைக்கும்.

விவசாயியைக் குறை சொல்வதில் பொருளில்லை. யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் சேர்த்து, 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மணிச்சத்து தரும் டிஏபி மூட்டை 1,350. பயிர் பச்சை கட்ட எதைக் கூடுதலாக வீசுவார்? 2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையில் உர மானியம் என்று மன்மோகன் சிங் அரசு மாற்றியபோது மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதற்குள் வந்தன; யூரியாவைத் தொடத் துணியவில்லை. அடுத்து வந்த மோடி அரசு 2015இல் வேப்பெண்ணெய் பூசியது, பின்னர் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியது, விலையை அப்படியே விட்டது. உக்ரைன் போர் ஆண்டான 2022இல் உலகச் சந்தையில் யூரியா டன் 900 டாலரைத் தாண்டியபோது ஒரு மூட்டையின் அடக்கம் 3,000 ரூபாய் ஆனது. விவசாயிக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. 2022–23இல் உர மானியம் மட்டும் ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி. பம்ப் செட்டுக்கு இலவச மின்சாரம் தமிழ்நாட்டில் 1990இலிருந்து, பஞ்சாபில் 1997இலிருந்து. அந்தக் கணக்கு தனி.

மானியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே பணத்தை மூட்டை மேல் கொட்டாமல் ஏக்கர் கணக்கில் உழுபவர் கையில் கொடுக்கலாம். தெலங்கானா 2018இல் ரைத்து பந்து திட்டம் மூலம் அப்படிக் கொடுத்துக் காட்டியது. அதில் குத்தகைதாரர் விடுபட்டார்கள் என்பது நியாயமான குற்றச்சாட்டு. திருத்திக்கொள்ள வேண்டியதே தவிர, கைவிடக் காரணமில்லை. அரிசிக்கும் கோதுமைக்கும் தரும் கொள்முதல் உறுதியைத் துவரைக்கும் உளுந்துக்கும் அதே கண்டிப்போடு கொடுத்தால், தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர்முடிச்சிலேயே பிடித்துக்கொள்ளும் பயிர்கள் வயலுக்குத் திரும்பும். சாம்பாரைக் கெட்டியாக வைப்பது, நூறு கிலோமீட்டர் விரதத்தைவிட நிச்சயமாக எண்ணெயை மிச்சப்படுத்தும்.

டெல்லியில் குடியிருப்போர் சங்கங்களின் குரலுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் காது கொடுக்கிறார்கள். குரல் எழுப்புங்கள், ஆனால் லாரியைப் பற்றி வேண்டாம். யூரியாவின் விலை டன்னுக்கு 5,360 ரூபாய் என்று நிர்ணயித்தது 2012 நவம்பரில். அன்றிலிருந்து டெல்லியில் டீசல் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. யூரியா விலை இன்னும் அங்கேயே நிற்கிறது.